காந்தமும் எங்க திருவனந்தபுரமும்

திருவனந்தபுரம் என்று சொன்னால் இங்கே ஒண்டாரியோவில் நம்மாட்கள் கேட்பது மூன்று விஷயம்தான். பத்மநாபசுவாமி கோயில் நிலவறை, கோவளம் கடற்கரை, தும்பா ராக்கெட். ஸ்ரீவராகத்துக்காரன் என்கிற உரிமையில் நாலாவதாக ஒன்றைச் சேர்க்க வேண்டும் என்று எனக்கு ரொம்ப நாளாக எண்ணம். அது காந்தம்.

டிஸ்கியை முதலிலேயே போட்டுவிடுகிறேன். நான் படித்தது காமர்ஸ், பிழைப்பு வங்கியில். இயற்பியல் தெரிந்தவர்கள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள். தெரியாதவர்கள் தைரியமாக மேலே படியுங்கள், எல்லாவற்றையும் வரவு செலவு பாஷையில்தான் சொல்லப்போகிறேன் :-)

ஸ்ரீவராகம் தெரியாதவர்களுக்கு: கோட்டையிலிருந்து நடந்து போகிற தூரம். வராகமூர்த்தி கோயில், கோயிலுக்கென்று ஒரு பெரிய குளம். வீட்டுக்குள்ளே தமிழ், படி இறங்கினால் மலையாளம். கோட்டையைச் சுற்றியுள்ள தெருக்களில் திருநெல்வேலிப் பக்கமிருந்தும் நாஞ்சில் நாட்டிலிருந்தும் தலைமுறைகளுக்கு முன்னால் வந்து தங்கிய தமிழ்க் குடும்பங்கள் நிறைய. கணக்கு எழுதவும் பாடம் சொல்லிக்கொடுக்கவும் வந்தவர்கள். ஆக, ஊர் விட்டு ஊர் வந்து பிழைப்பது நம்மோடு ஆரம்பித்த சமாசாரம் இல்லை.

அகத்தியர் மலையில் ஒரு ஊசி

1837இல் சுவாதித் திருநாள் மகாராஜா திருவனந்தபுரத்தில் ஒரு வான் ஆய்வுக்கூடம் கட்டினார். கீர்த்தனைகள் இயற்றிய அதே மகாராஜாதான். ஜான் கால்டிகாட் என்ற ஆங்கிலேயர் அதற்குப் பொறுப்பாளர். சில ஆண்டுகளில் அங்கே காந்த ஊசிகளும் வந்து சேர்ந்தன. கால்டிகாட் 1849இல் காலமானார். அவருக்குப் பிறகு 1852இல் ஜான் ஆலன் பிரௌன் என்ற ஸ்காட்லாந்துக்காரர் வந்தார். 1865 வரை இருந்தார்.

திசைகாட்டி ஊசி எப்போதும் ஒரே பக்கம் பார்த்து நிற்கும் என்றுதான் நாம் நினைக்கிறோம். அப்படி நிற்பதில்லை. ஒரு பகல் பொழுதுக்குள்ளேயே அது மிக மிக மெல்ல அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் நகர்கிறது. பிரௌன் அந்த நகர்வைப் பல ஆண்டுகள் விடாமல் குறித்து வைத்தார். ஊரில் மட்டும் பார்த்தால் போதாது, உயரத்திலும் பார்க்க வேண்டும் என்று அகத்தியர் மலை உச்சியில் இன்னொரு நிலையம் போட்டார். ஆறாயிரம் அடிக்கு மேலே, யானைக் காட்டைத் தாண்டி. பொதிகையில் அகத்தியர் தமிழ் வளர்த்தார் என்று கேட்டு வளர்ந்த நமக்கு, அதே மலையில் ஒருவர் காந்த ஊசிக்குக் காவல் இருந்தார் என்பது புதுச் செய்தி. அந்தக் கணக்கெல்லாம் 1874இல் லண்டனில் புத்தகமாக வந்தது.

திருவனந்தபுரத்துக்கு ஏன் இந்த மவுசு என்றால், பூமியின் காந்த நடுக்கோடு எங்கள் ஊர்ப் பக்கமாகப் போகிறது. 1963 நவம்பர் 21ஆம் தேதி இந்தியாவின் முதல் ராக்கெட் தும்பாவிலிருந்து கிளம்பியதற்கும் அதே காரணம்தான். ராக்கெட் கதை எல்லோருக்கும் தெரியும். நான் சொல்ல வந்தது பூமியின் காந்தம் இல்லை, பொருளுக்குள்ளே இருக்கிற காந்தம்.

வத்திராயிருப்புக்காரரும் பென்சில் கரியும்

பொருளின் காந்தக் குணத்தை ஆராய்ந்தவர்களில் நம்மவர் ஒருவர், கே.எஸ். கிருஷ்ணன். 1898இல் வத்திராயிருப்பில் பிறந்தவர், சர் சி.வி. ராமனோடு வேலை செய்தவர். ராமன் விளைவின் பெயரில் இவர் பெயர் இல்லை, உழைப்பில் உண்டு. அதற்கப்புறம் டாக்காவிலும் கல்கத்தாவிலும் இவர் செய்தது காந்த ஆராய்ச்சி.

முறை எளிமையானது. ஒரு சின்னப் படிகத்தை மெல்லிய குவார்ட்ஸ் இழையில் கட்டிக் காந்தப் புலத்தில் தொங்கவிடுவார். படிகம் எந்தப் பக்கம் திரும்பப் பார்க்கிறது, எவ்வளவு பலமாகத் திரும்புகிறது என்று அளப்பார். பெரிய இயந்திரம் எதுவும் கிடையாது, பொறுமைதான் மூலதனம்.

அவர் எடுத்துக்கொண்ட பொருள்களில் ஒன்று கிராஃபைட், நம் பிள்ளைகள் எழுதும் பென்சிலுக்குள் இருக்கிற அதே கரி. கிராஃபைட் நோட்டுக்கட்டு மாதிரி. ஒவ்வொரு நோட்டுக்குள்ளேயும் அணுக்கள் இறுகப் பிணைந்திருக்கும், நோட்டுக்கும் நோட்டுக்கும் நடுவே பிடிப்பு ரொம்பக் குறைவு. அதனால்தான் தாளில் தேய்த்தால் அடுக்கு அடுக்காகக் கழன்று எழுதுகிறது. கிருஷ்ணனும் கங்குலியும் அளந்து பார்த்தபோது, காந்தம் அடுக்குகளுக்குச் செங்குத்தாக இருந்தால் கிராஃபைட் அதை விலக்கித் தள்ளும் பலம், அடுக்குகளின் வாட்டத்தில் இருப்பதைப்போலச் சுமார் நாற்பது மடங்கு. ஒரே கரித்துண்டு, ஒரே காந்தம். வைக்கிற பக்கம்தான் வேறு!

அடுக்கடுக்கான பொருள்களில் காந்தம் விசித்திரமாக நடந்துகொள்ளும் என்பது இப்படி 1930களிலேயே நம்மூர் ஆட்கள் கையில் கிடைத்துவிட்டது. ஆனால் உள்ளே ஒவ்வொரு அணுவும் என்ன செய்கிறது என்று தொங்கவிட்ட படிகம் சொல்லாது. அது மொத்தத் தொகையை மட்டும்தான் சொல்லும்.

நிலுவை பூஜ்யம்

இங்கேதான் என் பிழைப்பு உதவிக்கு வருகிறது. ஒரு கணக்கில் நிலுவை பூஜ்யம் என்றால் அந்தக் கணக்கில் ஒன்றுமே நடக்கவில்லை என்று அர்த்தமா? பத்து லட்சம் வந்து பத்து லட்சம் போயிருந்தாலும் நிலுவை பூஜ்யம்தான். வித்தியாசம் தெரிய வேண்டுமானால் பேரேட்டைப் புரட்ட வேண்டும்.

சில பொருள்களுக்குள் ஒவ்வொரு அணுவும் ஒரு குட்டிக் காந்தம். ஒன்று மேலே பார்க்கும், பக்கத்தில் இருப்பது கீழே பார்க்கும். கூட்டிக் கழித்தால் பூஜ்யம், வெளியிலிருந்து பார்த்தால் காந்தமே இல்லை. இப்படி ஒன்று இருக்க வேண்டும் என்று பிரான்சின் லூயி நீல் 1930களில் கணக்குப் போட்டுச் சொன்னார். எதிர்காந்தம் என்று வைத்துக்கொள்ளலாம். கண்ணால் பார்த்தவர் யாரும் இல்லை.

பேரேட்டைப் புரட்டும் விரலாக வந்தது நியூட்ரான். சாட்விக் 1932இல் கண்டுபிடித்த துகள். அதற்கு மின்னூட்டம் கிடையாது, அதனால் பொருளுக்குள் தடையின்றி நுழையும். மின்னூட்டம் இல்லாவிட்டாலும் அதுவே ஒரு குட்டிக் காந்தம், அதனால் உள்ளே இருக்கிற குட்டிக் காந்தங்களைத் தடவிப் பார்த்துவிட்டு வரும். அணு உலையில் பிறந்து, வேகம் தணிந்த நியூட்ரானின் அலைநீளம் அணுக்களுக்கு நடுவே உள்ள இடைவெளிக்கு ஏறக்குறைய சமம். அதனால் அது எந்தெந்தத் திசையில் சிதறி வெளியே வருகிறது என்று பார்த்தால், உள்ளே யார் எங்கே, எந்தப் பக்கம் பார்த்து உட்கார்ந்திருக்கிறார்கள் என்பது தெரிந்துவிடும்.

அமெரிக்காவில் ஓக் ரிட்ஜில் கிளிஃபர்ட் ஷல், மாங்கனீஸ் ஆக்சைடு பொடி மேல் நியூட்ரானைப் பாய்ச்சினார். சாதாரண வெப்பநிலையில் ஒரு வகைச் சிதறல். நன்றாகக் குளிர வைத்தால் இல்லாத இடங்களில் புதிதாக முகடுகள். நீல் சொன்னது சரி என்று 1949இல் வெளியான முடிவு காட்டியது. ஒரு தளத்தில் உள்ள காந்தங்கள் எல்லாம் ஒரு பக்கம், அடுத்த தளத்தில் எல்லாம் எதிர்ப்பக்கம். நிலுவை பூஜ்யம், ஆனால் பேரேடு நிறைய எழுத்து.

ஊர்க்காரர் வருகிறார்

இதற்குள் எங்கள் ஊர்க்காரர் எங்கே வருகிறார்? பி.கே. ஐயங்கார். முழுப்பெயர் பத்மநாப கிருஷ்ணகோபால ஐயங்கார். 1931 ஜூன் 29 அன்று திருவனந்தபுரத்தில் பிறந்தார், நியூட்ரானைவிட ஒரு வயது மூத்தவர். எங்கள் தெருக்காரர் என்று சொல்லிக்கொள்ள ஆசைதான், ஊர்க்காரர் என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். இயற்பியலில் முதுகலையை ஊரிலேயே முடித்துவிட்டு 1952இல் பம்பாய்க்கு ரயில் ஏறினார். டாடா ஆராய்ச்சி நிலையம், பிறகு ஹோமி பாபா டிராம்பேயில் தொடங்கிய அணுசக்தி நிலையம்.

1956இல் அவரைக் கனடாவுக்கு அனுப்பினார்கள். எங்கே? இதோ, நம் பக்கத்தில். ஒட்டாவாவிலிருந்து வடமேற்கே காரில் இரண்டு மணி நேரம் போனால் ஆற்றங்கரையில் சாக் ரிவர் என்று ஒரு சின்ன ஊர். அங்கே 1947 முதல் ஓடிக்கொண்டிருந்த ஓர் ஆராய்ச்சி உலை. அதன் பக்கத்தில் பெர்ட்ராம் பிராக்ஹவுஸ் என்ற ஆல்பர்ட்டாக்காரர் ஒரு கருவி செய்துகொண்டிருந்தார்.

ஷல் பார்த்தது நியூட்ரான் எந்தத் திசையில் சிதறுகிறது என்பதை. பிராக்ஹவுஸ் இன்னொரு படி மேலே போனார். உள்ளே போகும்போது நியூட்ரானிடம் எவ்வளவு ஆற்றல், வெளியே வரும்போது எவ்வளவு என்று அளந்தார். வித்தியாசம் எங்கே போனது? படிகத்தின் கணக்கில் பற்று. அணுக்கள் அதிர்ந்திருக்கும், இல்லையென்றால் காந்தங்கள் அலையாக ஆடியிருக்கும். வரவையும் செலவையும் ஒத்துப்பார்த்து வித்தியாசத்துக்கு ஆள் கண்டுபிடிக்கும் வேலை, நாங்கள் வங்கியில் மாதாமாதம் செய்வதுதான். 1957இலேயே மேக்னடைட் என்கிற காந்தக்கல்லில் இந்தக் காந்த அலைகளை அவர் அளந்துவிட்டார். அவரும் ஐயங்காரும் சேர்ந்து ஜெர்மானியம் படிகத்தின் அதிர்வுகளை அளந்த கட்டுரை 1958இல் வந்தது. டிரான்சிஸ்டர் செய்யப் பயன்பட்ட ஜெர்மானியம்தான். இன்றும் அந்தத் துறையில் முதல் வரிசைக் கட்டுரைகளில் ஒன்று. 1994இல் ஷல்லுக்கும் பிராக்ஹவுஸுக்கும் நோபல் பரிசு கிடைத்தது.

ஒரு நிமிடம் நில்லுங்கள். வயது இருபத்தைந்து, இருபத்தாறு. உலகத்திலேயே அந்த வேலை நடந்துகொண்டிருந்த இடங்கள் விரல் விட்டு எண்ணக்கூடியவை. அதில் ஒன்றில், பிற்காலத்தில் நோபல் வாங்கப்போகிற ஆள் பக்கத்தில் நாற்காலி. நம்மில் எத்தனை பேர் எழுந்து வருவோம்? ஐயங்கார் ஊர் திரும்பினார்.

பெட்டியில் வராத சரக்கு

திரும்பி வந்தவர் கருவியைப் பெட்டியில் போட்டுக்கொண்டு வரவில்லை. கருவி செய்யத் தெரிந்துகொண்டு வந்தார். என் பார்வையில் இந்தக் கதையின் சாரமே இதுதான்.

டிராம்பேயில் 1956 ஆகஸ்ட் 4 முதல் அப்சரா என்ற சின்ன உலை இருந்தது. 1960 ஜூலையில் சைரஸ் வந்தது. கனடா கொடுத்தது, சாக் ரிவர் உலையின் சாயலில் கட்டியது. ஐயங்கார் ஒரு குழுவைச் சேர்த்து, இந்த உலைகளைச் சுற்றி நியூட்ரான் கருவிகளை அங்கேயே செய்ய வைத்தார். வெளிநாட்டுக் கம்பெனிக்கு ஆர்டர் கொடுத்துவிட்டுக் காத்திருக்கவில்லை. 1960களில் சர்வதேச அணுசக்தி முகமையின் கூட்டுத் திட்டம் ஒன்றில் இந்தியா பிலிப்பைன்சுக்கு இந்த வித்தையைக் கற்றுக்கொடுக்கும் நிலைக்கே வந்துவிட்டது. கற்றுக்கொண்டு வந்து பத்து வருடத்துக்குள்!

காந்தப் பக்கத்தை அங்கே வளர்த்தவர்களில் முக்கியமானவர் என்.எஸ். சத்தியமூர்த்தி. பழைய ரேடியோவைத் திறந்தால் கம்பி சுற்றிய கறுப்புத் தண்டு ஒன்று இருக்குமே, அது ஃபெர்ரைட். நிக்கலும் துத்தநாகமும் கலந்த ஃபெர்ரைட்டில் குட்டிக் காந்தங்கள் நேர் எதிராக நிற்காமல் கொஞ்சம் சாய்ந்து நிற்கும் என்று யாஃபெட், கிட்டல் என்ற இருவர் 1952இல் சொல்லியிருந்தார்கள். அந்தச் சாய்வை நியூட்ரான் கொண்டு அளந்து 1969இல் வெளியிட்டது சத்தியமூர்த்தி குழு.

அடுக்குக்குள் பலம், அடுக்குக்கு நடுவே பலவீனம்

இனி மறுபடி நோட்டுக்கட்டு. காந்த அணுக்கள் அடுக்கடுக்காக உட்கார்ந்திருக்கும் பொருள்கள் நிறைய உண்டு. ஒரே அடுக்கில் உள்ளவை ஒன்றோடொன்று நன்றாகப் பேசிக்கொள்ளும், அடுத்த அடுக்கோடு பேச்சு வார்த்தை ஏறக்குறைய இல்லை. அடுக்குமாடிக் குடியிருப்பு மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

இங்கே ஒரு சிக்கல். காந்தங்கள் எந்தப் பக்கம் வேண்டுமானாலும் திரும்பலாம் என்றால், தனி ஒற்றை அடுக்கில் அவை ஒழுங்காக வரிசை கட்டவே முடியாது, சின்னச் சூடுகூடக் கலைத்துவிடும் என்று 1966இல் மெர்மினும் வாக்னரும் கணக்கில் நிரூபித்தார்கள். நிஜமான பொருளில் என்ன நடக்கிறது? 1969இல் அமெரிக்காவின் புரூக்ஹேவனில் பர்ஜெனோ, குகன்ஹைம், ஷிரானே மூவரும் பொட்டாசியம் நிக்கல் ஃபுளூரைடு என்ற அடுக்குப் படிகத்தை எடுத்துக்கொண்டார்கள். எல்லாத் திசையிலும் ஒழுங்கு இருந்தால் நியூட்ரான் சிதறல் புள்ளி புள்ளியாக விழும். அடுக்குக்குள் மட்டும் ஒழுங்கு இருந்து அடுக்குக்கு நடுவே இல்லையென்றால் புள்ளி நீண்டு கோடாகிவிடும். அவர்கள் கண்டது கோடு! ஒவ்வொரு மாடியும் தனக்குள் ஒழுங்காக இருக்கிறது, மேல் மாடியைப் பற்றிக் கவலையே படவில்லை.

இது வெறும் அறிவுப் பசிக்கான விஷயம் இல்லை. 1986இல் உயர் வெப்பநிலை மீகடத்திகள் என்று உலகமே பரபரத்ததே, அவையும் தாமிரமும் ஆக்சிஜனும் அடுக்கடுக்காக உள்ளவை. அவற்றின் தாய்ப்பொருள் ஓர் எதிர்காந்தம் என்று மறு வருடமே சொன்னது நியூட்ரான்தான். 1988இல் இரும்பும் குரோமியமும் மாறி மாறி அடுக்கிய படலங்களில் ஃபெர்ட், குருன்பெர்க் இருவரும் கண்ட விளைவு கம்ப்யூட்டர் ஹார்ட் டிஸ்க்குக்குள் போய் உட்கார்ந்தது. 2007இல் இருவருக்கும் நோபல். 2017இல் குரோமியம் அயோடைடை ஒரே ஒரு அடுக்காக உரித்தும் அது காந்தமாகவே இருப்பதைப் பார்த்தார்கள். மெர்மின் கணக்கு தப்பா? இல்லை. இதன் காந்தங்களுக்கு மேலும் கீழும் பார்ப்பதில் தனிப் பிரியம், எல்லாத் திசையும் சமம் இல்லை. அதனால் தப்பித்தது.

டிராம்பேக்காரர்களும் இந்த வரிசையில் இருக்கிறார்கள். அதே 2017இல் ஏ.கே. பெரா, எஸ்.எம். யூசுப் முதலியோர் கிரெனோபிள் ஆய்வாளர் ஒருவருடன் சேர்ந்து, சோடியம், கோபால்ட், டெல்லூரியம், ஆக்சிஜன் சேர்ந்த ஓர் அடுக்குப் பொருளை ஆராய்ந்தார்கள். தேன்கூட்டு வடிவில் கோபால்ட் அணுக்கள், அடுக்குக்கு நடுவே சோடியம். மைனஸ் 248 டிகிரி செல்சியஸ் வாக்கில் கோபால்ட் காந்தங்கள் வளைந்து வளைந்து போகும் வரிசைகளாக, வரிசைக்கு வரிசை எதிர்த் திசையில் நிற்கின்றன என்று நியூட்ரான் காட்டியது. மொத்த நிலுவை மறுபடியும் பூஜ்யம்.

குழாயை மூடிய பிறகு

சொல்லாமல் விடக்கூடாத பக்கம் ஒன்று இருக்கிறது. 1974 மே 18, பொக்ரான். அந்தக் குண்டுக்கான புளூட்டோனியம் வந்தது சைரஸ் உலையிலிருந்து. அமைதிக்காக என்று கனடா கொடுத்த உலை. அந்த வெடிப்பில் ராஜா ராமண்ணாவோடு முன்னணியில் நின்றவர்களில் ஐயங்காரும் ஒருவர். 1975இல் பத்ம பூஷண். அமைதிக்கான வெடிப்பு என்றுதான் இந்தியா சொன்னது. கனடா ஒப்புக்கொள்ளவில்லை, சில நாட்களிலேயே அணு உதவியை நிறுத்திவிட்டது.

இந்த நாட்டில் வரி கட்டிக்கொண்டு, அந்த நாட்டை ஊர் என்று சொல்கிற நமக்கு இதில் ஒரே பக்கமாகக் கைதட்ட முடிவதில்லை. கடன் கொடுத்தவனிடம் சொன்ன நோக்கம் ஒன்று, செலவழித்த நோக்கம் வேறு என்றால் என் தொழிலில் அதற்குப் பெயர் நல்ல பெயர் இல்லை. அதே சமயம், யாரையும் நம்பி இருக்கக்கூடாது என்று டிராம்பே கற்றுக்கொண்ட பாடம் வெறும் வீம்பும் இல்லை. இரண்டையும் சேர்த்தேதான் பதிய வேண்டும்.

குழாயை மூடிவிட்டார்கள், ஆனால் தண்ணீர் நிற்கவில்லை. கருவி செய்யத் தெரிந்த ஆட்கள் ஏற்கெனவே உள்ளே இருந்தார்கள். 1985 ஆகஸ்டில் துருவா என்ற 100 மெகாவாட் ஆராய்ச்சி உலை சொந்த முயற்சியில் இயங்கத் தொடங்கியது. ஆரம்பத்தில் எரிபொருள் தண்டுகள் அதிர்ந்து தொல்லை கொடுத்தன. அதைச் சரிசெய்து முழுத்திறனுக்கு வர 1988 ஆகிவிட்டது. அந்தச் சமயத்தில் பாபா அணு ஆராய்ச்சி மையத்தின் இயக்குநர் ஐயங்கார்தான். துருவாவைச் சுற்றியுள்ள நியூட்ரான் கருவிகளைப் பல்கலைக்கழக மாணவர்களும் பயன்படுத்த வழி செய்தார்கள்.

1990 முதல் 1993 வரை அணுசக்தி ஆணையத் தலைவர். ஓய்வுக்குப் பிறகும் வாய் மூடி இருக்கவில்லை, 2008 இந்திய-அமெரிக்க அணு ஒப்பந்தத்தைக் கடுமையாக எதிர்த்தார். அந்த ஏற்பாட்டின்படி சைரஸ் உலை 2010 டிசம்பர் 31 அன்று நிரந்தரமாக மூடப்பட்டது. ஒரு வருடம் நிறைவதற்குப் பத்து நாள் இருக்கையில், 2011 டிசம்பர் 21 அன்று, மும்பையில் ஐயங்கார் காலமானார். அவர் கற்றுக்கொண்ட சாக் ரிவரிலும் கடைசிப் பெரிய உலை 2018 மார்ச்சில் நின்றுவிட்டது. இன்று கனடா ஆராய்ச்சியாளர்கள் பலர் நியூட்ரான் வேண்டும் என்றால் வேறு நாட்டுக்குப் போகிறார்கள். டிராம்பேயில் துருவா இருக்கிறது. அறுபது வருடத்தில் கணக்கு எப்படித் திரும்புகிறது பாருங்கள்.

உங்கள் வீட்டுப் பிள்ளைகள் பள்ளியில் நியூட்ரான் பாடத்துக்கு வரும்போது, அதில் வரும் வெள்ளைக்காரப் பெயர்களோடு வத்திராயிருப்பையும் திருவனந்தபுரத்தையும் சேர்த்துச் சொல்லுங்கள். ஃபிரிட்ஜில் ஒட்டியிருக்கும் காந்தத்தைக் காட்டி, ஒட்டாத பொருளுக்குள்ளும் காந்தம் இருக்கலாம் என்று சொன்னால் கண் விரியும். அடுத்த முறை ஊருக்குப் போகையில் கோவளத்துக்கு ஒரு நாளைக் குறைத்துக்கொண்டு, சுவாதித் திருநாள் கட்டிய ஆய்வுக்கூடம் இருக்கிற அந்தக் குன்றுக்கும் ஒரு நடை போய் வாருங்கள். ஆட்டோக்காரரிடம் அப்சர்வேட்டரி என்று சொன்னால் போதும்.